முப்பது நிமிடத் தண்ணீர்

அவர் கோபக்காரர். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நானும் இதையே முதலில் எழுதுகிறேன். ஆனால் அவர்கள் சொல்லும் அர்த்தத்தில் அல்ல.

எங்கள் தெரு பாளையம்பட்டியை ஒட்டி இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திறந்து மூடுவது அவருடைய வேலை. ஒன்பது வருடம் எங்களுக்குத் தண்ணீர் திறந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. என் நோட்டில் தன் பெயர் இருப்பதை அவர் விரும்பமாட்டார். அதற்கான காரணம் அவரிடம் இருக்கிறது.

நான் பஞ்சாலையில் நேரக்காப்பாளர். வருகிறவர், போகிறவர் நேரத்தைக் குறிப்பது என் தொழில். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. தினமும் ஒரு பக்கம் எழுதுவேன். தண்ணீர் வரும் நாளில் முதல் வரி தண்ணீர்தான்: திறந்த நேரம், மூடிய நேரம். அதற்கு மேலே, சில வருடங்களாக, இன்னொரு வரியும் இருந்தது: "பூனை வந்தது 6.05."

பூனை அவருடையது. ஒருநாள் விடிந்ததும் வால்வுக் குழியின் மூடியைத் தூக்கியிருக்கிறார். உள்ளே வால்வைச் சுற்றிக்கொண்டு வட்டமாகப் படுத்துக் கிடந்தது ஒரு சாம்பல் நிறக் குட்டி. பார்க்க, குழாய் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வாசர் மாதிரி இருந்ததாம். அதனால் வாசர் என்றே பெயர். நைலான் கயிற்றில் ஒரு கறுப்பு ரப்பர் வாசரைக் கோத்துக் கழுத்திலும் கட்டிவிட்டார். வளர்ந்தபின் அது அவருடன் வேலைக்கு வந்தது. அவர் டி.வி.எஸ். வண்டியை உருட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்புவதற்குள் பூனை முன்னால் வந்து வால்வுக் குழி மூடியின்மேல் உட்கார்ந்திருக்கும். ஊரெல்லாம் பூனையைக் கண்டால் காலைப் பின்னால் வைப்பார்கள். எங்கள் தெருவில் பெண்கள் "வாசரு வந்திருச்சு, குடத்தை எடு" என்பார்கள். பூனை என்றால் தண்ணீர். அப்படித்தான் அதற்கு மரியாதை இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வரும்வரை.

அவருடைய கோபத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினார்கள். அவர் பேசாமல் உள்ளே போனார், வயரைப் பிடுங்கினார், மோட்டாரைத் தோளில் தூக்கிவந்து நடுத்தெருவில் வைத்தார். வீட்டுக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"ஏலே, யாரு வீட்டுக்குள்ள வந்து யாரு பொருளைத் தூக்குற?"

"பொருள் ஒங்களுது. அது உறிஞ்சுன தண்ணி கடைசி வீட்டுது. ரெண்டும் இங்கதான் இருக்கு. எது வேணுமோ தூக்கிட்டுப் போங்க."

குடிதண்ணீரில் பைக் கழுவியவனிடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, அவனைக் குடத்தோடு அடிபம்புக்கு நடக்கவைத்தார். திரும்பி வந்தபிறகுதான் சாவி. குழாயை மூடாமல் அரட்டை அடிக்கும் பெண்களிடம், "நான் ஒங்களைத் திட்டல தாயி, பைப்பைத் திட்டுறேன். நீங்க ஏன் மொகத்தைத் திருப்புறீக?" என்பார். எல்லாருக்கும் அவரிடம் பயம், எல்லாருக்கும் அவர்மேல் ஒரு குறை. அவர் யாருக்காகக் கத்தினார் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அவர் கத்தியதெல்லாம் கடைசி வீட்டுக்காக.

ஒரு தெருவுக்கு அரைமணி நேரம் என்பது விதி. தொட்டிச் சுவரில் பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் எங்கள் தெரு மேடு. வால்விலிருந்து தூரம் போகப்போகத் தண்ணீர் நூலாகிவிடும். கடைசி வீட்டில் நாலாவது குடம் நிறைவதற்குள் அரைமணி முடிந்துவிடும். அவர் மூடமாட்டார். கடைசி வீட்டு வாசலில் ஆள் நின்று கையை ஆட்டும்வரை வால்வுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என் நோட்டில் இருக்கிறது: முப்பத்தெட்டு நிமிடம், நாற்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்திரண்டு.

கடைசி வீடு என்னுடையது.

எனக்கு எதிர்வீட்டுக்காரர் டவுனில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருப்பவர். தெருவே அவரை அண்ணாச்சி என்று அழைக்கும். நல்ல மனிதர் என்று இருபது வருடம் எழுதியிருக்கிறேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினார்கள், மூன்று இடமும் தட்டிப்போனது. ஒருநாள் சாயங்காலம் காலண்டர் தாளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க தண்ணி வர்ற நேரமெல்லாம் எழுதி வப்பீகள்ல? இந்த மூணு தேதிக்கும் பாத்துச் சொல்லுங்க."

எனக்குப் பெருமை. என் நோட்டை ஒருவர் தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் புரட்டி, விரல் வைத்து வாசித்தேன். மூன்று நாளும் தண்ணீர் நாள். மூன்று நாளும் பூனை வந்திருக்கிறது. ஆறு ஐந்து, ஆறு இரண்டு, ஆறு ஏழு.

"நாங்க ஆறுக்கு மேல நல்ல நேரம் பாத்துத்தான் எறங்குனோம். மூணு தடவையும் குறுக்க போயிருக்கு பாருங்க."

"அது வேலைக்கு வருது அண்ணாச்சி. அந்த நேரத்துல வால்வுக்குத்தானே வரும்?"

"வேலைக்குத்தான் வருது. குறுக்கதானே வருது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் அன்று நோட்டை மூடிவைத்திருக்க வேண்டும். மாறாக, நாலாவதாக ஒரு தேதியையும் நானே தேடிச் சொன்னேன், அன்று பூனை வந்தும் அவருக்குக் கடையில் நல்ல வியாபாரம் என்று காட்டுவதற்காக. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை. அந்தப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"பூனை வந்தது 6.05. தண்ணீர் 6.10 – 6.52. காலி அரிசிப் பை ஒன்று, எதிர்வீட்டுக்கு, 6.45."

எங்கள் பக்கத்தில் பூனையைக் கொல்ல மாட்டார்கள். பாவம் என்பார்கள். பையில் போட்டு, கண் தெரியாமல் கட்டி, தண்ணீர் தாண்டி எங்காவது விட்டுவிட்டு வருவார்கள். தண்ணீரைத் தாண்டினால் அதற்குத் திரும்பி வர வழி தெரியாதாம். கொல்லாமல் விட்டதால் கை சுத்தம். கடைப் பையெல்லாம் டவுனில் கிடக்கிறது என்று அண்ணாச்சி என்னிடம் ஒரு பையைக் கடன் கேட்டபோது அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி மறைக்கவும் இல்லை. "பந்தல்குடிக்கு லோடு போகுது. அப்படியே ஓடை தாண்டி விட்டுறச் சொல்லியிருக்கேன். பாவம் நமக்கெதுக்கு சார்" என்றார். அண்ணாச்சி மகள் தண்ணீர் நாளெல்லாம் பூனைக்குக் கொஞ்சம் பால் ஊற்றுவாள். அன்று பாலை வாசலில் வைக்காமல் அண்ணாச்சியே உள்ளே வைத்திருந்தார். அது உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் திறப்பவர் என் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் எங்கள் வாசற்படி ஏறியது அன்றுதான். கத்தவில்லை. ஊருக்கே கேட்கும் தொண்டை, அன்று பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டால் போதும் என்பதுபோல் பேசியது.

"சார், வாசரு நேத்துலருந்து வீட்டுக்கு வரலை. எல்லாத் தெருவும் கேட்டுட்டேன். நேத்து ஒங்க வாசலையே பாத்துட்டு நின்னதுல நான் அதைக் கவனிக்கல. நீங்க எழுதி வச்சிருப்பீகளே, இங்க வந்துச்சா?"

நோட்டை எடுத்தேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தைத் திறந்து, மூன்றாவது வாக்கியத்தின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு வாசித்தேன். "பூனை வந்தது ஆறு ஐந்து."

"அப்ப இங்க வரைக்கும் வந்திருக்கு" என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "கசிவு பாக்குற மாதிரிதான் சார். கடைசியா எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சா அங்கருந்து பிடிச்சுப் போயிரலாம்." நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லியிருக்கலாம். பந்தல்குடிக்கு அவர் வண்டியில் அரைமணி நேரம் ஆகாது. ஓடைப் பக்கம் போய் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அது வந்திருக்கும். என் மனைவி அன்றே சொன்னாள்: "சொல்லிருங்க. அந்த மனுசன் நமக்காக அங்க நிக்கிறாரு."

"எதிர்வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா?"

"பூனையைக் காட்டிக் கொடுத்தீகள்ல?"

இருந்தும் சொல்லவில்லை. ஒருநாள் போனால் சரியாகிவிடும் என்று இருந்தேன், அடுத்தநாளும் அப்படியே இருந்தேன்.

அவர் தேடினார். காலையில் தண்ணீர் விட்டு முடித்ததும் வண்டியை எடுப்பார். முதல் இரண்டு நாள் பாளையம்பட்டிக்குள். பிறகு அருப்புக்கோட்டைத் தெருக்கள். பிறகு ஒவ்வொரு ரோடாக. கருவேலங்காட்டுக்குள் இறங்கி, "வாசரு, வாசரு" என்று கூப்பிட்டுக்கொண்டு போவதைப் பார்த்துத் திருச்சுழி பஸ்ஸில் போனவர்கள் தெருவில் வந்து சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் அவரிடமே கேட்டார்: "ஒரு பூனைக்கா பெட்ரோல் போட்டு அலையுறீக?"

"ஒனக்குப் போட்டா அலையுறேன்? போயி ஒன் சோலியைப் பாரு."

பதினோரு நாள் தேடினார். அந்தப் பதினோரு நாள் பக்கங்களை இப்போது எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெயில் எழுதியிருக்கிறேன். பஸ் தாமதம் எழுதியிருக்கிறேன். மில்லில் யார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார் என்று எழுதியிருக்கிறேன். பூனை என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை.

பதினோராவது நாள் தூத்துக்குடி ரோட்டு ஓரத்தில் கண்டுபிடித்தார். லாரி அடித்து ஒருநாள்தான் இருக்கும். கழுத்துக் கயிறும் ரப்பர் வாசரும் அப்படியே இருந்தன. பந்தல்குடிக்கு இந்தப் பக்கம், அருப்புக்கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது. விட்ட இடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டருக்குமேல் நடந்து வந்திருந்தது. ஓடையைத் தாண்டி விட்டார்களே, எப்படி வந்தது என்று, அதற்குள் விஷயம் பரவியிருந்த தெருவில், அவர் காதுபடாமல் அதிசயப்பட்டார்கள். அந்த ஓடையில் தண்ணீர் ஓடி எத்தனை வருடம் ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதிசயப்பட்டார்கள்.

தன் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே புதைத்தார். அழவில்லை. அழுதிருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நடுவீட்டுப் பெண் ஓர் அட்டைப்பெட்டியில் பூனைக்குட்டி கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதை வச்சுக்கங்கண்ணே. மனசு மாறிரும்."

"ஒங்க வீட்டுல ஒரு ஆளு இல்லைன்னா, நான் வேற ஆளைக் கூட்டியாந்து விட்டா வச்சுக்குவீகளா?"

"பூனையையும் ஆளையும் ஒண்ணாச் சேக்குறீகளே."

"நான் சேக்கல தாயி. நீங்கதான் பிரிக்கிறீக."

குட்டிக்குப் பால் வைத்து, அது குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு நான் தொட்டிக்குப் போனேன். புது மண்ணுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, வால்வு திறக்கும் நீளக் கம்பியின் கைப்பிடியில் அந்த ரப்பர் வாசரைக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர் தாள், மூன்று தேதி, அரிசிப் பை, பந்தல்குடி. நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். அவர் முடிச்சை இறுக்குவதை நிறுத்தவில்லை.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்ணே."

"நான் ஒங்க வீட்டுக்கு வந்து கேட்டன்னைக்கு?"

"தெரியும்."

தலையை நிமிர்த்தி என் கையைப் பார்த்தார். "பெருவிரலை எடுக்காம வாசிச்சீகளே. பேன் காத்துக்குப் பக்கம் பறக்குது போலன்னு நெனைச்சேன்."

அப்போதே என்னை அடித்திருக்கலாம். மோட்டாரைத் தூக்கி நடுத்தெருவில் வைத்ததுபோல் என்னையும் வைத்திருக்கலாம். அந்தக் கோபத்துக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"பையை எத்தனை மணிக்குக் கொடுத்தீக?"

"ஆறு நாப்பத்தஞ்சு."

"அன்னைக்கு எத்தனை மணிக்குத் தொறந்தேன்?"

"ஆறு பத்து."

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கூட்ட ஒன்றும் இல்லை, ஆனாலும் நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஆறு நாப்பதுக்கு மூடியிருக்கணும். மூடியிருந்தா அது எங்கூட அடுத்த தெருவுக்கு வந்திருக்கும். ஒங்க வீட்டுக் குடம் நெறையலையேன்னு நின்னுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வால்வுக்குப் போய்விட்டார். அதற்குப்பின் அவர் என்னிடம் பேசவில்லை.

அடுத்த தண்ணீர் நாள்: 6.10 – 6.40. அதற்கடுத்தது: 6.08 – 6.38. நான் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு மில் கடிகாரத்தோடு சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. முப்பது, முப்பது, முப்பது. மற்றத் தெருக்களில் கடைசி வீடு நிறையும்வரை நின்றார், அங்கே கத்தினார், சண்டை போட்டார். எங்கள் தெருவில் கத்துவதையே நிறுத்திவிட்டார். மோட்டார் போட்டவன் மறுபடியும் போட்டான். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேரம் ஆனதும் மூடினார். என் வீட்டில் இரண்டாவது குடம் பாதியில் நின்றது. என் மனைவி இடுப்பில் குடத்தோடு அடிபம்புக்கு நடந்தாள். நானும் நடந்தேன்.

தெருவில் கூடி மனு எழுதலாம் என்றார்கள். அண்ணாச்சிதான் முன்னால் நின்றார். என்னை எழுதச் சொன்னார்கள், எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்குமாம். "என்னன்னு எழுத?" என்று கேட்டேன். "பலகையில போட்டிருக்கிற நேரத்தைச் சரியாக் குடுக்குறாருன்னு எழுதவா?" அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. காலண்டர் தாளோடு அவர் வந்த அன்றே பேசியிருக்க வேண்டிய பேச்சு.

அந்த வருடமே அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் அண்ணாச்சி வால்வுக்கே போய் நின்றார்.

"வீடு நெறைய ஆளு வந்திருக்கு. இன்னைக்கு மட்டும் ஒரு கால்மணி நேரம் சேத்து விடுங்க. நல்ல காரியம்."

"அரைமணி நேரம்."

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு..."

"அரைமணி நேரம்" என்றார் மறுபடியும். அவர் கையருகே கம்பியில் அந்த வாசர் தொங்கியது. அண்ணாச்சிக்கு அது என்னவென்று தெரியும். தெருவுக்கே தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லாரும் அதைப் பார்த்தோம். யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க அண்ணாச்சி மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்: "முன்னாடி வந்த மூணு எடத்தையும் நாந்தான் அத்தை போன் போட்டு வேணாம்னு சொன்னேன். மூணும் எனக்குப் பிடிக்கல. அப்பாட்ட சொன்னா கொன்னுருவாக. பூனைக்கு என்ன தெரியும், பாவம்."

அதையும் அன்று எழுதினேன், நேரத்தோடு. எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அந்தக் கிழிசல் இப்போதும் இருக்கிறது.

அவர் ஓய்வு பெற்றுத் திருச்சுழிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் தெருவில், "கோவக்கார மனுசன், ஒரு பூனைக்காக எல்லாரையும் காயப்போட்டுட்டாரு" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சொட்டுக்கூட அவர் குறைக்கவில்லை. நமக்குச் சேரவேண்டியதைக் கடைசி நாள்வரை கொடுத்தார். ஒன்பது வருடத்தில் பெரும்பகுதி, சேரவேண்டியதற்குமேல் அவர் தந்ததை நாங்கள் அவருடைய கடமை என்று நினைத்திருந்தோம். அதை நிறுத்திய பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. அதுவும் எனக்கு மட்டும் தெரிந்தது, நான் எழுதிவைத்திருந்ததால்.

அவருடைய கடைசி வேலைநாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் நாளாக அமைந்தது. 6.10க்குத் திறந்தார். நான் குடங்களை வைத்துவிட்டு வாசலில் நின்றேன். தெருமுனையில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றார். முன்பு நின்ற அதே இடம், அதே நிற்பு. ஆறு முப்பத்தெட்டு. ஆறு முப்பத்தொன்பது. ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் போதும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நிமிடம். எனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

அந்த நாளின் பக்கத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: "தண்ணீர் 6.10 – 6.40." அதற்கு மேலே பூனைக்கான இடம் காலி.